ஜன்னல் வெளிச்சம் மட்டும்

மார்ச் 4
அடுத்த திங்கட்கிழமை மகள் வேலைக்காக வெளியூர் போகிறாள். அதற்குள், என் அம்மாவை எடுத்த மாதிரியே அவளையும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அச்சு அசல் அம்மா முகம். அதே வீடு, அதே ஜன்னல். அம்மாவை எடுத்த அன்று எனக்குப் பத்தொன்பது வயது. கேமராவில் இரண்டே படம் மிச்சம். இன்றைக்கும் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறேன்: "ஜன்னல் வெளிச்சம் மட்டுந்தாங்க, வேற ஒண்ணுமே இல்ல."

மார்ச் 6
எதிரே மாடி எழும்பி ஜன்னலை மறைத்துவிட்டது. வெளியே ஸ்டாண்டில் லைட்டை நிறுத்தினேன். உயர்த்தினால் கண்ணுக்கடியில் குழி. இறக்கினால் மூக்கு நிழல் கன்னத்தில். எங்கே வைத்தாலும் தாடைக்குக் கீழே ஒரே இருட்டு. "அப்பா, எனக்குத் தாடி மொளச்சிருச்சு" என்கிறாள்.

கீழேயிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை வைத்தால் போதும். ஆனால் அம்மாவை எடுத்த அன்று எதுவும் வைக்கவில்லையே!

மார்ச் 7
ஃபிரேமைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் ஜன்னல், சின்னக் கட்டமாக. அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை — பெட்ஷீட்!

அக்கா. இப்போதுதான் ஞாபகம் வருகிறது: தரையில் உட்கார்ந்து அவள்தான் அதை விரித்துப் பிடித்திருந்தாள். கணக்கு வாத்தியார் மாதிரிப் பேசிக்காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்ததும் அவள்தான். அம்மா கேமராவைப் பார்க்கவே இல்லை. சற்றுக் கீழே, அக்காவைப் பார்க்கிறாள்.

மூன்று வருஷம் முன்பு, அம்மா போன பிறகு, அக்கா இந்தப் படத்தைக் கேட்டாள். "நான் எடுத்த படம். இதுல உனக்கென்ன இருக்கு?" என்றேன். அப்படியா கேட்டேன்? அப்படித்தான் கேட்டேன். பதில் சொல்லாமல் போனவள் அப்புறம் பேசவில்லை. அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, லூசு... நான்தான் லூசு.

மார்ச் 8
போன் செய்தேன். "அக்கா, அந்த பெட்ஷீட்ட நீதான பிடிச்ச?"

"கால் மரத்தே போச்சுடா அன்னைக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 10
அக்கா வந்தாள். முட்டி மடங்கவில்லை, முக்காலி போட்டேன். பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து அதே வாத்தியார் குரல்: "கடைசி பெஞ்சு, என்னம்மா சிரிப்பு?" மகள் குலுங்கிச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

மார்ச் 12
மகள் நேற்றே போய்விட்டாள். இன்று அக்காவும் கிளம்பினாள். அம்மா படத்தைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் அவள் மடியில் வைத்தேன்.

"உனக்கு வேணாமாடா?"

"நீ வச்சுக்கோக்கா. அம்மா உன்னத்தான பாக்குறாங்க."