கடைசி ரவுண்டு யாருடையது

கோச் அவர்களுக்கு,

வீட்டிலும் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய அப்பீல் மனுவைப் படித்தேன். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் தவறான தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறீர்கள். நேற்று வார்டு வாசலில் உங்கள் தம்பியும் அதையேதான் சொன்னார். "அண்ணி, கடைசி ரவுண்டு நம்ம பையனோடதுதான். அந்த ஜட்ஜுங்களுக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" பக்கத்துக் கட்டில்காரரின் மகள்கூடச் சிரித்துவிட்டாள்.

நானும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த ரவுண்டு அவனுடையதுதான். ஆனால் நான் எண்ணியது அவன் வாங்கிய குத்துகளை. ஐம்பத்தேழு கிலோ எடைப் பிரிவில் அவனைத் தொடவே ஆளில்லை. அறுபத்துமூன்றுக்கு ஏறினால்தான் பெயர் கிடைக்கும் என்றீர்கள். "உடம்பு தானா பழகிக்கும்" என்றீர்கள்.

சண்டை முடிந்து உடை மாற்றும் அறையில் சரிந்தவன் இன்னும் கண் திறக்கவில்லை. பாதத்தைக் கிள்ளினால் லேசாக அசைகிறது என்கிறார் டாக்டர். என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று காலை மருந்தின் அளவுக்காகக் கட்டிலோடு சேர்த்து எடை பார்த்து, கட்டிலின் எடையைக் கழித்தார்கள். "ஐம்பத்தேழும்மா" என்றாள் நர்ஸ்.

அவனுக்குப் பிடித்ததைப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறாள். காதில் விழும் என்று நான் நம்பவில்லை. நம்பினாலும், குத்துச்சண்டையைப் பற்றி எனக்கு என்ன பேசத் தெரியும்?

மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். அதை நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். அவன் கட்டிலருகே இத்தனை நாளும் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி ரவுண்டு அவனுடையதுதான் என்று அவனிடம் சொல்லுங்கள்.

பையனின் அம்மா