மாடி அத்தையின் வக்கீல்

ஜூன் 9

மாண்புமிகு அக்காவின் சமூகத்துக்கு, உன் தங்கை கொஞ்சமும் பணிவில்லாமல் எழுதிக்கொள்வது.

இங்கே நான், அம்மா, தையல் மெஷின் மூவரும் நலம். மெஷினுக்கு மட்டும் லேசான இருமல், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போன் அம்மாவுடையது. நான் பேசும்போது வாயில் குண்டூசியோடு பக்கத்தில் நின்று, அதைச் சொல், இதைச் சொல்லாதே என்று கையை ஆட்டுவாள். கடிதத்துக்கு அந்தத் தணிக்கை இல்லை. உன் ஹாஸ்டலில் தபால் வருகிற ஒரே ஆள் என்ற பெருமையும் உனக்குச் சும்மா கிடைக்கிறது.

செய்திக்கு வருகிறேன். மாடி அத்தையின் கொழுந்தன் நேற்று மறுபடி வந்தான். இது என் அண்ணன் கட்டிய வீடு, அண்ணி வெறும் காவலுக்குத்தான் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடிப் பூட்டிவிட்டுப் போனான். நம் வீட்டுக்காரம்மாவான அத்தை நாம் குடியிருக்கும் கீழ் வீட்டு முன்னறைக்கே வந்து, தைக்க வந்த துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

"நான் எங்க போவேன், தங்கச்சி?"

"எதுக்கு அழறீங்க அக்கா? என் பெரிய பொண்ணு எதுக்கு இருக்கா? காசு வாங்காத வக்கீலு!"

இதைச் சொல்லும்போது அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ சட்டப் பரீட்சை தேறிய அன்றுகூட அவ்வளவு வெளிச்சம் இல்லை. வரும் சனிக்கிழமை உங்கள் இலவசச் சட்ட உதவி மையம் நம் ஊர் நூலகத்தில் முகாம் போடுகிறதாமே, அங்கே கூட்டிக்கொண்டு வருகிறாள். என் பங்குக்கு நானும் கொழுந்தனின் ஸ்கூட்டர் சீட்டில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் ஒட்டியிருக்கிறேன். அவன் எழுந்தபோது சீட் உறையும் கூடவே எழுந்தது.

அம்மாவுக்கு முட்டியில் வாதம், உனக்கு வாயில் வாதம், எனக்குப் பிடிவாதம். இந்த வாதக் குடும்பத்தை எவன் ஜெயிப்பான்?

இப்படிக்கு,
உன் ஒரே எதிர்க்கட்சி


ஜூன் 24

அன்பு வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டன் அம்மா நீ கவர் மேல் எழுதியிருந்த 'உயர்நீதி அக்கா'வைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

முகாமில் கூட்டம் தாங்கவில்லை. இருப்பது நாங்கள் நாலு வக்கீல்கள், வந்தது ஊரே. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர்கள் முறை வந்ததும் அம்மாவை வெளியே போய் உட்காரச் சொன்னேன். வருத்தப்பட்டாளா? எங்கள் மையத்தில் அதுதான் முதல் பாடம். கட்சிக்காரர் சொல்வது வக்கீலின் காதோடு நின்றுவிட வேண்டும். பெற்ற அம்மா கேட்டாலும், கூடப் பிறந்த வால் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. அதனால் அத்தை விஷயத்தை என்னிடம் தோண்டாதே.

கணக்குப் பாடத்தைக் கொஞ்சம் பார். டேப் ஒட்டுவது குற்றம். ஆனாலும் சிரித்தேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 20

உயர்திரு பூட்டு வாய் அவர்களுக்கு,

அம்மா வருத்தப்படவா? வாடிக்கையாளர்களிடம் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள்: "என்னையே வெளிய போகச் சொல்லிட்டா! அவ்வளவு கண்டிப்பு!" பட்டன் தைக்க வந்த தபால்காரர்கூட இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

குழாய்ப் பூட்டை உன் மையத்தின் ஒரே நோட்டீஸ் திறந்துவிட்டது. கொழுந்தன் இப்போது வந்தால் மாடியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறான். அத்தை அவனுக்கு டீ போட்டுத் தருகிறாள். இதென்ன மந்திரம்? சரி, சரி, தோண்டவில்லை.

போன வாரம் இரண்டு பேர் வந்து வீட்டை அளந்தார்கள். வரி ஆபீஸ் ஆட்கள் என்று அத்தை சொன்னாள். அவர்கள் டேப் பாதியில் அறுந்துபோக, அம்மா விடுவாளா? தன் இஞ்ச் டேப்பை நீட்டி, "முனையை நான் புடிக்கிறேன், நீங்க எழுதுங்க தம்பி"என்று கூடவே ஓடினாள். கடைசியில் நான்தான் எழுதிக்கொண்டிருந்தவரிடம், "கழுத்து இறக்கம் எவ்வளவு வைக்கணும் சார்?"என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பெரிய செய்தி கடைசியில். பள்ளிக்கூடம் சீருடை ஆர்டரை முழுதாக நமக்கே தருகிறதாம்! தெருவைப் பார்த்த கடை இருப்பதால்தான் தருகிறேன் என்றாராம் தலைமை ஆசிரியை. முன்னறையில் கல் கவுண்டர் கட்டப்போகிறாள் அம்மா. முதலாளியின் இளைய வாரிசு என்ற முறையில் உனக்கு ஒரு வேலை போட்டுத் தரலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
பொது மேலாளர் (காஜா பிரிவு)


ஆகஸ்ட் 2

வாண்டு,

கவுண்டர் இப்போது வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் வேறு இடம் ஏதாவது பார்த்து வைத்தால் நல்லது. அந்த முன்னறை ஈரம், அம்மாவின் முட்டிக்கு ஆகாது. கடைத்தெருவில் சின்னதாக ஒன்று கிடைக்காதா? நான் பாதி வாடகை தருகிறேன்.

அத்தை விஷயத்தை இப்போது நான் பார்க்கவில்லை. எங்கள் மூத்த வக்கீல் மேடத்திடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாமல், நீயே யோசித்துச் சொன்னதுபோலச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 13

அன்புள்ள நகரத்து மகாராணிக்கு,

ஈரமா? இத்தனை வருஷம் அந்த ஈரத்தில்தானே நீ வளர்ந்தாய்! பூசணம் எதுவும் பிடிக்கவில்லையே. மூளையைத் தவிர.

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "இது உன் யோசனை இல்லையே, யாரு சொன்னா?"என்று பிடித்துவிட்டாள். கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "வாடகை வீடு, தையக்காரி அம்மா... கூட வேலை பாக்கிறவங்ககிட்ட சொல்ல அவளுக்குக் கூச்சமா இருக்கும் போல"என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சத்தம் போட்டேன். இல்லைதானே?

கவுண்டர் கட்டியாகிவிட்டது. கறுப்புக் கல். குனிந்து பார்த்தால் முகம் தெரிகிறது. நீ வந்து பார்த்தால் உன் அறிவுரையை நீயே வாபஸ் வாங்குவாய்.

இப்படிக்கு,
பூசணம் பிடிக்காத தங்கை


செப்டம்பர் 16

அக்கா,

இன்று வேடிக்கைக்கு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. அத்தையும் கொழுந்தனும் சமரசமாகி வீட்டை விற்றுவிட்டார்களாம், ஆளுக்குப் பாதி. மாதக் கடைசிக்குள் நாம் காலி செய்து தர வேண்டுமாம்.

அம்மா பதறக்கூட இல்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டினாள். "நம்ம ஆபீஸு இருக்கு, வாடி"என்று என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்தில் மறுபடி போட்டிருந்த உங்கள் முகாமுக்குப் போனாள். உன்னைக் காணோம். உன் மூத்த வக்கீல் மேடம் கம்ப்யூட்டரில் நம் விலாசத்தைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுல உங்களுக்கு எதிர்ப்பக்கம் எங்க கட்சிக்காரர். நாங்க உங்களுக்காகப் பேச முடியாதும்மா."

"எதிர்ப்பக்கமா? அவங்கள கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்ததே நான்தானே மேடம்?"

"தெரியும்மா."

"என் பொண்ணு இங்கதான் வேலை பாக்கிறா."

"அதுவும் தெரியும்மா. ஒரு பக்கத்துக்குப் பேசினா இன்னொரு பக்கத்துக்குப் பேசக் கூடாது. விதி."

அம்மா அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்ற ஆள், "முடிஞ்சுதாம்மா?"என்று கேட்ட பிறகுதான் எழுந்தாள். மேடம் எழுதிக் கொடுத்த இன்னொரு இலவச மையத்துக்கும் போனோம். நிதி நின்றுபோய் மூடிவிட்டார்களாம். கதவில் பலகை மட்டும் இருக்கிறது. காசு வாங்கும் வக்கீல் ஒருவர் முன்பணத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மாடிப்படியில் அத்தையை மடக்கினேன். அழுதுகொண்டே சொன்னாள்: "ஆளில்லாத வீடாத்தான் வேணும்னு வாங்கறவங்க சொல்லிட்டாங்க. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா போகமாட்டா. அவ போகலேன்னா எனக்கு ஒண்ணுமே வராது. கீழ இருக்கிறவங்களுக்கும் காலி பண்ண ஒரு வருஷம் டைம் எழுதலாம் அத்தைன்னு உங்கக்கா கெஞ்சினா. நான்தான் ஒத்துக்கலை. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டேன்."

நான் உன்னைக் கேட்பது ஒன்றே ஒன்று. அம்மா இஞ்ச் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள் என்று நான் எழுதியதைப் படித்தபோது, அது எதற்கான அளவு என்று உனக்குத் தெரியுமா?

தங்கை


செப்டம்பர் 22

என் செல்லத்துக்கு,

அத்தை சொன்னதை அத்தை சொல்லலாம். நான் இப்போதும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. உன் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது.

வேறு இடம் பார் என்று எழுதினேனே, அதுவே நான் எழுதியிருக்கக் கூடாத வரி. அந்த ஒரு வரிக்கு என் வக்கீல் பட்டமே போகலாம். அதை நீங்கள் என் கூச்சம் என்று எடுத்துக்கொண்டபோது இரவு முழுக்க அழுதேன். மறு தபாலில் நேராகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அத்தை அந்த நூலக ஹாலில் என் எதிரே உட்கார்ந்து, உன்ன நம்பித்தான் சொல்றேன் என்றது காதில் கேட்டது. இவ்வளவு எழுதியதே அதிகம். பேனாவை மூடிவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன். விட்டாலும் இந்த வழக்கில் உங்களுக்காக நான் வாயைத் திறக்க முடியாது. சாகும்வரை முடியாது. ஆனால் மூட்டை தூக்கவாவது கூட இருப்பேன். அம்மாவிடம் கேட்டுச் சொல். அம்மா என் மேல் கோபமாக இருக்கிறாளா?

அக்கா


அக்டோபர் 28

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம், வீடு மாறியது மட்டும் இல்லை.

புது இடம் ஒரு அச்சகத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடி. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. மெஷின் மேஜை படியில் திரும்பவில்லை. கழற்றி ஏற்றியதில் பலகை பிளந்துவிட்டது. சீருடை ஆர்டரைத் தலைமை ஆசிரியை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். அம்மா இப்போது ஆயத்த ஆடைக் கம்பெனிக்குப் போகிறாள். அங்கே அவளுக்குக் காலர் மட்டும்தான். காலையிலிருந்து மாலைவரை காலர். முழுச் சட்டையை அவள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அம்மா, சாப்பிட்டியா, உடம்பு நல்லா இருக்கா, சரி வைக்கட்டுமா என்று மூன்றே கேள்வியில் முடித்துவிட்டாள். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ மேல கோபமா என்று கேட்டேன்.

"கோபமே இல்லடி. நம்பி வந்தவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினா. என் பொண்ணு அப்படித்தான் இருப்பா. ஆனா இப்ப அவ 'நல்லா இருக்கேன்'னு சொன்னாக்கூட, எதைச் சொல்லாம விடறாளோன்னு மனசு தேடுது. தேடாதேன்னா கேக்க மாட்டேங்குது. அப்புறம் என்னத்தப் பேசறது?"

வேலையை விடாதே. விட்டால் யாருக்கும் ஒன்றும் திரும்பி வராது. அடுத்த முகாமிலும் யாரோ ஒருத்தி, போக இடமில்லாமல், உன் எதிரே வந்து உட்காருவாள். அவளுக்கு உன்னைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

ஆனால் இங்கே வராதே. நீ வந்தால் அம்மா சமைப்பாள், படுக்கை போடுவாள், தலைமாட்டில் தண்ணீர் வைப்பாள். உன்னிடம் எதையுமே கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் கூட இருக்க முடியாது. எழுந்து போக அடுத்த அறை என்று ஒன்று இங்கே இல்லை.

தங்கை