கைதட்டல் வாங்கிய தவறு

கோதமங்கலம்
பிப்ரவரி 9

அன்புள்ள ஸுஹ்ரா இத்தா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் காகிதம். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?

பி.எட். மாணவர்களின் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோக்களில் என்னுடையதுதான் சிறந்தது என்று பெரிய திரையில் காட்டியபோது நீங்கள் எழுந்து போனதைப் பார்த்தேன். திரையில் ஓடியது உங்கள் கதை. பயிற்சிக்காகப் பள்ளியில் பாடம் எடுத்தபோது, திக்கிப் பேசும் ஷிமில் என்ற மாணவனைப் போலவே நீங்கள் பேசிக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததை ஹாஸ்டலில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னீர்களே, அதைத்தான் என் தவறாக எழுதிவிட்டேன்.

"செஞ்ச தப்ப மறைக்காம எழுதுங்க" என்றார் கல்லூரி மிஸ். எனக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்களும் உங்கள் போர்ட்ஃபோலியோவில் அதைப் போடவில்லை. கைதட்டியபோது கூசிப்போய் நின்றேன் இத்தா. அதைப் படித்துவிட்டு ஒரு பள்ளியில் நேர்காணலுக்கு வேறு கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஓர் அக்காவாகத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள்
ஜிஜி


திரூர்
பிப்ரவரி 14

ஜிஜிக்கு,

காய்ச்சல் விட்டது.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளையைக் கேலி செய்தவள் நான்தானே. எழுத உட்கார்ந்தால் அவன் முகம் வந்து நிற்கும், கை ஓடாது. உனக்கு ஓடியிருக்கிறது. "அன்று பொறுமையைக் கற்றுக்கொண்டேன்" என்று முடித்திருக்கிறாய். நான் எதையும் கற்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நானும் அவன் பக்கம் திரும்பாமலேயே பயிற்சியை முடித்துவிட்டு வந்தேன்.

அவன் பெயரைக்கூட மாற்றாமல் போட்டிருக்கிறாயே! முதலில் அதை எடு.

ஸுஹ்ரா


கோதமங்கலம்
பிப்ரவரி 22

இத்தா,

எடுத்துவிட்டேன்.

நேர்காணலுக்குப் போனேன். தலைமையாசிரியை அன்பாகத்தான் கேட்டார்: "அப்புறம் அந்தப் பையன்கிட்ட என்ன பேசினீங்க டீச்சர்?"

ஏதாவது புளுகியிருக்கலாம். "அது நான் இல்ல மேடம், என் சிநேகிதி" என்று சொல்லிவிட்டேன். "தப்பக்கூடவா கடன் வாங்குவீங்க?" என்றார். பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

கல்லூரியிலும் போய்ச் சொன்னேன். மதிப்பெண்ணைக் குறைப்பார்களாம். குறைக்கட்டும்.

ஜிஜி


திரூர்
மார்ச் 2

எடீ ஜிஜி,

உன் கடிதம் வந்த மறுநாளே ஷிமில் வீட்டுக்குப் போனேன். அவன் உம்மா பாலில்லாத கட்டன் சாயா கொடுத்து, "டீச்சர் வந்திருக்காங்கடா" என்று கூப்பிட்டார். என்னைக் கண்டதும் கதவோடு ஒட்டி நின்றான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவன் பேச வெகுநேரம் எடுத்தது. இந்தத் தடவை காத்திருந்தேன்.

"கி... கிளாஸ்ல எல்லார் முன்னாடியும்தானே பேசிக் காட்டினீங்க. இங்க வந்து ச... சொன்னா அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

உம்மா அவனை அதட்டினார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவன் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை, ஏழாம் வகுப்பில், அவன் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சொல்லப் போகிறேன். முடிந்தால் வந்து பின் பெஞ்சில் உட்கார். படம் எடுக்காதே.

இத்தா