முப்பது மைல் வேகத்தில் ஒரு சோதனை

மார்ச் 2, 1936. திங்கள்.

மூன்று நாளாக மழை இல்லை. தொரை பங்களாத் துணி இரண்டு கூடை, வெளுத்துக் காயப்போட்டாயிற்று. விளக்குக் கண்ணாடி துடைத்தது. படித்தது ஒன்றுமில்லை.

பத்து மணிக்குத் தோட்டக் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி, டிரைவராயிருக்கும் சூசை அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தோட்டத்தை நடத்தும் சிங்கப்பூர் ஏஜெண்டு ஆபீசிலிருந்து கடிதம். பெரிய தொரையின் புதுக் காருக்கு ஏன் இவ்வளவு பெட்ரோல்? பழைய காரைப்போல் இரண்டு மடங்கு. டின்களுக்குப் பொறுப்பு டிரைவர். ஆகவே டிரைவர் விற்றிருக்கிறான். அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்கள்.

அண்ணன் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"அது காரு இல்ல தங்கச்சி, ரேஸ் குதிர. தொரை ஒரு அமுக்கு அமுக்குனா மடமடன்னு எண்ணெயக் குடிக்கும். போன சனிக்கெழம எழுவத்தஞ்சு போனோம்! மடியில டின்ன வச்சுக்கிட்டு நான் உக்காந்திருக்கேன், என் தொப்பி பறந்து அன்னாசிக் காட்டுல விழுந்துருச்சு."

அம்மா: "தொப்பி போனா போவட்டும். வேல போயிராமப் பாத்துக்க."

சனி, ஞாயிறு தொரையே ஓட்டுவார். பக்கத்துத் தோட்டத்துத் தொரையோடு பந்தயம், பொந்தியானிலிருந்து பெக்கான் நானாஸ் வரை. அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. திரும்பி வருவதற்காகப் போகிறார்கள்.

இந்த வீடு டிரைவருக்குக் கொடுத்த வீடு. திருட்டுப் பெயரோடு வெளியே போனால் ஜொகூரில் எந்தத் தொரையும் அண்ணனை வைத்துக்கொள்ளமாட்டார்.

மார்ச் 3. செவ்வாய்.

தொரை படித்துக் கழித்த மோட்டார் பத்திரிகைகளை அண்ணன் எனக்குக் கொண்டுவருவான். பெட்டியில் தேடினேன். கிடைத்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. காற்றைத் தள்ளுவதற்கே எண்ணெய் செலவாகிறது. சக்தி கூடிய எஞ்சினுக்குப் பசி இன்னும் அதிகம்.

அண்ணன் பெயரில் ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். தொரை பெயரை எழுதவில்லை. "வேகமாக ஓட்டப்படும்போது" என்று மட்டும். கடைசியில் ஒரு யோசனை: ஒரே ரோடு, ஒரே தூரம். ஒரு தடவை முப்பது மைல் வேகத்தில், ஒரு தடவை எழுபதில். இரண்டு தடவையும் டாங்கில் குச்சி விட்டு அளந்து பாருங்கள்.

எவ்வளவு நியாயமான யோசனை! எனக்கே பெருமை.

அம்மா: "தொரைக்கே பாடம் சொல்லிக் குடுக்குறியாடி?"
அண்ணன்: "சும்மா இரும்மா. கான்வென்டு இங்கிலீஷு. இதப் படிச்சா தொரை கைகுடுப்பாரு."

மார்ச் 5. வியாழன்.

புழுக்கம். தலைவலி. பதில் இல்லை.

கடிதத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இங்கே எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள், தொரையைக் கிளப்பில் விட்டுவிட்டு வெறும் காரோடு திரும்பிய அண்ணன், பொந்தியான் சந்தையில் என்னை ஏற்றிக்கொண்டான். நேர் ரோடு வந்ததும், "பயமா இருக்கா?" என்றான். "இன்னும் போ" என்றேன். ஆமாம், நான்தான். நாலு மைல். காது அடைத்துப்போயிற்று. கண்ணில் நீர். கூடையிலிருந்த கீரை பறந்தது. இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், ஒன்றாவது என்னை அப்படித் தூக்கிக்கொண்டு போனதில்லை.

இரண்டு போத்தல் எண்ணெய் போயிருக்கும். அதற்காக வருத்தப்பட முயன்று பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 7. சனி.

இன்று சோதனை நடந்தது. அண்ணன் ஓட்ட, பக்கத்தில் பெரிய கிராணி, குச்சியும் நோட்டும் கையில்.

முப்பதுக்கே கிராணி கதவைப் பிடித்துக்கொண்டாராம். "ஏய், ஏய், மெதுவாப் போப்பா! நான் புள்ளகுட்டிக்காரன்!"

திரும்பி வந்து அளந்தார்கள். ஒரு காலன் பெட்ரோலுக்கு இருபத்தாறு மைல். ஆபீஸ் வாசலில் எல்லோர் முன்னாலும் கிராணி:

"பாத்தியா, வண்டி குடிக்கல. அப்ப யாரு குடிச்சா?"
"ஐயா, இன்னொரு தடவ எழுவதுல ஓட்டணும்லா. கடுதாசியில இருக்கே."
"டிரைவருங்க முப்பதத் தாண்டக்கூடாதுன்னு உத்தரவு. மீறப் போறியா?"
"அப்ப தொரைய ஓட்டச் சொல்லுங்க."
"நீயே போய்ச் சொல்லு."

யார் போய்ச் சொல்வது?

நாலு மணிக்குத் தொரை பந்தயத்துக்குக் கிளம்பினார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு பங்களாத் தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். வளைவு தாண்டியும் சத்தம் கேட்டது. அண்ணன் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தான். "மூணாவது கியர்ல இழுக்குறாரு" என்றான், தனக்குத்தானே.

அவர்களுக்குப் பாதிச் சோதனை போதும். அந்தப் பாதியை எழுதிக் கொடுத்தவள் நான்.

மார்ச் 8. ஞாயிறு.

மாதா கோயில் பூசைக்குப் போனோம். தபசு காலம், நீளப் பிரசங்கம், வெயில். சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் நிற்கவில்லை.

சாயங்காலம் தொரை அண்ணனைப் பார்த்து, "பேட் லக், சூசை" என்றாராம். தோளில் தட்டினாராம்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றேன்.
"தெரியும்தான். சொன்னா சிங்கப்பூர்ல அவரத்தான கேப்பாங்க."

அண்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோறு மிஞ்சிவிட்டது. தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

மார்ச் 9. திங்கள்.

விடியற்காலையிலிருந்து மழை. துணி காயாது.

குடையோடு பெரிய கிராணி வீட்டுக்கே வந்தார். பதினாலு டின்னையும் தானே விற்றதாக அண்ணன் எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் போலீஸ் இல்லை, சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்தால் போதும். கொடுக்காவிட்டால் பொந்தியான் ஸ்டேசன்.

"நீ எழுத வேணாம்ப்பா. தங்கச்சி எழுதட்டும். அந்தப் புள்ளயோட இங்கிலீஷு சிங்கப்பூர்க்காரனுக்கு நல்லா வெளங்கும்." கிண்டல் இல்லை. மெய்யாகவே பாராட்டினார். நாலு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

அம்மா பானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அண்ணன்: "எழுது தங்கச்சி. ஜெயிலுக்கு இது மேலு."

எழுதினேன். யாரிடம் விற்றது? தெரியாத ஆள். எதற்காக? வீட்டுக் கஷ்டம். ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. முதல் கடிதத்தைவிட இது நன்றாக வந்துவிட்டது.

"என்ன எழுதிருக்க? தமிழ்ல சொல்லு" என்றான்.

காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னேன்: "காரு நெறையக் குடிக்குதுன்னு எழுதிருக்கேண்ணே."

என்னையே பார்த்தான். "சரியாத்தான் எழுதிருக்க" என்று கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டான். அண்ணனுக்கு வேகமாக எழுத வராது. ஒவ்வொரு எழுத்தாக, தமிழில், நாக்கைக் கடித்துக்கொண்டு, சூ, பிறகு சை.