அபகடமும் ஆக்ரமணமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எங்கே இருந்தாலும் சுகமாக இருங்கள். தங்கை சரசுவும் சுமதியும் உங்கள் அம்மாவும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, கடலைக்காய் பாதிதான் தேறியது. நீங்கள் இருந்திருந்தால், "மானத்தைப் பாத்துட்டு உக்காராம எங்கூடப் பாலத்து வேலைக்கு வாங்க மச்சான்" என்று கேலி செய்திருப்பீர்கள்.

அந்தப் பாலத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சண்டை முடிந்து வங்கதேசம் புதிதாகப் பிறந்தபோது, குண்டு விழுந்து ஒடிந்த ரயில் பாலத்தைத் தூக்கி நிறுத்த நம் நாட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். இரும்புப் பாலங்களில் ரிவெட் அடித்துப் பழகிய நீங்களும் போனீர்கள். "சண்டை போடப் போகலீங்க மச்சான், சண்டை ஒடைச்சதை ஒட்டப் போறேன்" என்றீர்கள். என் தங்கை கைக்குழந்தையோடு சிரித்துக்கொண்டுதான் வழியனுப்பினாள்.

மூன்றாம் மாதம் தந்தி வந்தது. பாலத்திலிருந்து விழுந்து இறந்ததாக இருந்தது. கூட வேலை செய்த ராமசாமி ஊர் திரும்பிய பிறகுதான் உண்மை தெரிந்தது. போர் முடிந்தும் துப்பாக்கியைக் கீழே வைக்காத ஒரு கும்பல் படகில் வந்து சுட்டிருக்கிறது. குண்டு பட்டு நீங்கள் ஆற்றில் விழுந்திருக்கிறீர்கள். கரீம் என்ற உள்ளூர் ஆள், உங்களோடு ரிவெட் அடித்தவர், உடனே குதித்து உங்களைக் கரை சேர்த்திருக்கிறார். உயிர் போகும்வரை ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தை விட்டு நகரவில்லையாம்.

நான் சும்மா இருப்பேனா? பாலக்காட்டு ரயில்வே ஆபீசில் போய்க் கத்தினேன். "அபகட மரணமாணு, வேறெ ஒன்னுமில்லா" என்றார் குமாஸ்தா. விபத்தாம்! அந்த மலையாளச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். அப்போது இரண்டு அரசாங்கமும் தோளில் கை போட்டுக்கொண்டிருந்த காலம். உதவிக்குப் போனவனை அந்த மண்ணில் சுட்டார்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்த நட்பு நிலைக்கவில்லை மாப்பிள்ளை. அங்கே ஆட்சி கவிழ்ந்தது. ஆழியாற்றுத் தண்ணீருக்கு இங்கே தமிழ்நாடும் கேரளமும் முறைத்துக்கொள்கிற மாதிரி கங்கைத் தண்ணீருக்கு அவர்களும் நம்மவர்களும் முறைத்துக்கொள்கிறார்கள். ஆயுதக் கும்பலுக்கு நீதான் இடம் கொடுக்கிறாய் என்று இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, நம்மவர்கள் பாலம் கட்டப் போனதே கொள்ளையடிக்கத்தான் என்றுகூட அங்கே பேசுகிறார்களாம். இதற்கா நீங்கள் போனீர்கள்?

இப்போது தேர்தல் வந்திருக்கிறது. ஒரு கட்சிக்காரர் ஜீப்பில் வீடு தேடி வந்தார். "அது அபகடமல்லா, ஆக்ரமணம்!" என்றார். உங்கள் அம்மா பயந்துபோய், "எந்தத் தோட்டத்தைப் புடிச்சுட்டாங்க சாமி?" என்று கேட்டார்கள். நம் ஊரில் நிலத்தை வளைத்துப் போட்டால்தானே ஆக்கிரமிப்பு! அது தாக்குதலைச் சொல்கிற வார்த்தை என்று நான்தான் விளக்கினேன். இத்தனை வருஷம் நான் தொண்டை வறளக் கேட்ட வார்த்தை. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. சரசு வரமாட்டேன் என்றாள். கட்டாயப்படுத்தி அவளையும் சுமதியையும் மேடைக்கு அழைத்துப் போனேன்.

உங்கள் படத்துக்கு மாலை போட்டார்கள். பேச்சாளர் அந்த நாட்டையே நன்றிகெட்ட ஜாதி என்று வைதார். கூட்டம் கை தட்டியது, நானும் தட்டினேன். பிறகு சரசுவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எங்கூட்டுக்காரரைச் சுட்டவங்க அந்த ஊருங்க. ஆத்துல குதிச்சுத் தூக்குனவரும் அந்த ஊருதானுங்க. அவரையும் சேத்து வையாதீங்க" என்றாள். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நான் அவளைத் திட்டினேன். அவள் அழவில்லை. "ஏனுங்கண்ணா, நீங்க கேட்ட வார்த்தை கெடச்சிருச்சல்லோ? அவரு வந்துட்டாருங்களா?" என்று கேட்டாள். நட்பாக இருந்தால் விபத்து, பகையானால் தாக்குதல். இரண்டிலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் மாப்பிள்ளை?

சுமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் சோறு தின்னும்போது, "மாமா, வங்காளிங்க எல்லாருமே கெட்டவங்களா?" என்றாள். அவள் வயதுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கவே கூடாது. மேடையில் நான் கை தட்டியதைப் பார்த்துத்தான் வந்தது.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சுட்டவர்களையும் சொல்வேன், குதித்தவரையும் சொல்வேன். கரீமை யாரோ ஓர் ஆள் என்று அவளிடம் சொல்லமாட்டேன், முறை வைத்துத்தான் சொல்வேன். உங்களைவிட அவர் மூத்தவரா இளையவரா என்று ராமசாமியிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. பெரியப்பாவா, சித்தப்பாவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்ல உங்களுக்கு வழியில்லை. மூத்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். சுமதிக்கு அவர் பெரியப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்மாமன்