உன் கையால் போட்ட என் கையெழுத்து

மச்சான்,

இன்றைக்குக் காலையில் கதவைத் திறந்ததும் புல் கருகும் வாசனை வந்தது. மாசி பிறந்துவிட்டது, சரிவில் தீக்கோடு போடுகிறார்கள், அவ்வளவுதான். காட்டுத்தீ தாண்டி வராமலிருக்க ஒரு பட்டை அகலத்துக்கு முன்கூட்டியே புல்லைக் கொளுத்தி வெறும் தரையாக்கும் வேலை. நாம் செய்த அதே வேலை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசனைக்கு என் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்குப் படிக்கத் தெரியாது. பரவாயில்லை, கேட்டுக்கொள்.

உனக்கு எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று, என் பேர். கோடைத் தீக்காவலுக்கு ஒரே ஆள்தான், அதுவும் கையெழுத்துப் போடத் தெரிந்த ஆளாக வேண்டும் என்று ஃபாரஸ்ட் கார்டு சொல்லிவிட்டார். ஆனால் கோடையில் நம் இருவர் வீட்டிலும்தானே அடுப்பு எரிய வேண்டும்? ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ என்று பேசிக்கொண்டோம். நம் பக்கத்தில் ஒரு பேரில் இரண்டு பேர் வேலை பார்ப்பது புதிதில்லை. கார்டுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். மூன்று நாள் மண்ணில் குச்சியால் "காளி" என்று எழுதிப் பழகினாய். கடைசி எழுத்தின் சுழியை மட்டும் எப்போதும் தாறுமாறாகப் பெரிதாக இழுத்துவிடுவாய். "இன்னா மச்சான், உன் பேரு என் கையில எவ்ளோ சோக்கா வருது பாரு" என்று பீற்றிக்கொள்வாய்.

அந்தப் பங்குனியில் அது என் வாரம். செவ்வாய்வரை நான்தான் போனேன். புதன்கிழமை எனக்கு ஆலங்காயம் டாக்கீஸில் படம் பார்க்க ஆசை வந்து தொலைத்தது.

"போ மச்சான், நான் பாத்துக்கறேன். வந்து கதைய மட்டும் ஒண்ணுவுடாம சொல்லணும்" என்றாய். நான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வந்து இறங்கினால் டீக்கடையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரிவில் தீ ஏறியதாம். விறகுக்குப் போன இரண்டு பெண்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்களாம். நீ உள்ளே ஓடி இருவரையும் ஓடைப்பக்கம் தள்ளிவிட்டாயாம். அதற்குள் காற்று திரும்பிவிட்டதாம். சொல்லிக்கொண்டே போனார்கள். என் காதிலோ அந்தப் படத்தின் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சீ, என்ன பிறவி நான்!

உன் காரியம் முடிந்த வாரம் ஒரு காகிதம் வந்தது. பணியில் தீயில் சிக்கி இறந்த காளியின் மனைவி குப்பு, உதவித்தொகைக்கு நேரில் வர வேண்டும் என்று. நான்தான் அதை உரக்கப் படித்தேன். என் சாவை நானே படித்தேன், மச்சான். குப்பு தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "இன்னா கருமம் இது! நீ குத்துக்கல்லாட்டம் எதிர்ல உக்காந்துகினு இருக்க!" செத்த உன் பேர் அந்தக் காகிதத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை.

கார்டு ஓடிவந்தார். "டேய் காளி, வாய மூடிக்கினு இரு. குப்பு கைநாட்டு வெச்சு வாங்கி லட்சுமிகிட்ட குடுத்துட்டா போச்சு. உண்மைய சொன்னா யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது."

உன் லட்சுமியிடம் போய்ச் சொன்னேன். உன் இரண்டு பெண்களும் அவள் மடியில் இருந்தார்கள். வீட்டில் ஒரு படி சாமை இருந்திருந்தால் அதிகம். ஆனாலும் உன் பெண்டாட்டி சொன்னாள்: "வேணாங்ணா. அவரு செத்தது அவரு பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு எம் பொண்ணுங்க கேட்டா நான் எந்தக் காயிதத்த காட்டுவேன்?"

வேலூர் வனத்துறை ஆபீசுக்குப் போய், "ஐயா, செத்துப்போன காளி நான்தாங்க" என்று நின்றேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். விசாரணைக்குத் தேதி போட்டார்கள்.

அன்றைக்கு வருகைப் பதிவேட்டைப் புரட்டிய அதிகாரி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த வாரத்துல செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒரு கை. புதன்கிழமை மட்டும் வேற கை. ஏன்?"

உன் சுழி, மச்சான். தாறுமாறாக இழுத்த அதே சுழி. அந்தப் புதன்கிழமை காட்டில் இருந்தது நீதான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அதுதான். அது உன்னுடையதாக வேண்டுமானால் அந்த வாரம் என்னுடையது என்று நான் சொல்லியாக வேண்டும். லட்சுமியிடம் அதுவரை, அது உன் வாரம் என்றுதான் பொய் சொல்லி வைத்திருந்தேன். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"என் வாரங்க. நான் சினிமாவுக்குப் போய்ட்டேன். எனக்குப் பதிலா அவன் போனான்."

கார்டைக் கேட்டார்கள். தலையைத் தொங்கப்போட்டபடி "தெரியும் சார்" என்றார். பட்டியலில் யார் பேர் இருந்தாலும் வேலையில் உயிர்விட்டவன் குடும்பத்துக்குத்தான் தொகை என்று அதிகாரி எழுதினார். சிவப்பு மையில் என் பேரை அடித்து மேலே உன் பேரைப் போட்டார்.

பஸ் நிலையத்தில் லட்சுமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவள்தான் பேசினாள்.

"அன்னிக்குக் காலைலயே சொல்லிட்டுதாண்ணா போனாரு, காளி படத்துக்குப் போறான், வந்து கதை சொல்லுவான்னு. நீங்க எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துகினு இருந்தேன். பஸ்ஸு வந்துச்சு, ஏறுங்க."

அத்தனை மாதமும், உன் பெண்களைப் பார்க்க நான் போனபோதெல்லாம், தெரிந்தே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அந்தத் தொகையில் உன் பெண்கள் இருவரும் படித்து ஆளாகிவிட்டார்கள். உன் பேர் போட்ட உத்தரவைப் பெரியவள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். படத்தின் கதையை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடும்போதுதான் கஷ்டம். கடைசி எழுத்துக்கு வந்ததும் கை தானாகச் சுழியைப் பெரிதாக இழுத்துவிடுகிறது. "பெரியவரே, கையெழுத்து ஒத்து வரலையே" என்று பேங்கில் சலித்துக்கொள்கிறார்கள். அதை மட்டும் நான் திருத்திக்கொள்வதாக இல்லை.

காளி