போடாத கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நலம். செய்தி பார்த்துப் பயப்படாதீர்கள்.

நான் வருடாவருடம் ஆய்வு செய்த வங்கியை எங்கள் கண்காணிப்பு அலுவலகமே வெள்ளிக்கிழமை மூடிவிட்டது. வாசலில், அங்கே பணம் போட்டிருந்த ஒரு தையல்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "வந்து வந்து சோதனை பண்ணீங்களே, என்னத்தப் பாத்தீங்க?"

பார்த்தேன் அப்பா. இயக்குநர்கள் தங்கள் கம்பெனிகளுக்கே கடன் கொடுத்துக்கொண்டதைப் போன வருடமே அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி, "இப்ப வேண்டாம்மா, பொறுத்துப் பாப்போம்" என்றார். அதை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்கு, போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கும் காப்பீட்டுப் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன்.

நேற்று வேறொரு வங்கியின் அறிக்கைக்கும் அதே பேச்சு. இந்த முறை எதையும் நீக்கிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டேன். உங்கள் பிடிவாதம்தானே எனக்கும்! இடமாற்றம் வரலாம், வந்தால் முகவரி எழுதுகிறேன்.

அம்மாவின் பழைய சால்வை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அம்மா வாசனை போய்விடும். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் வாயாடி